நுங்கம்பாக்கத்தின் ஜனவரி வாரம்

மகளை டென்னிஸ் வகுப்பில் சேர்த்த புதிதில், பயிற்சியாளர் வாங்கி வரச் சொன்ன பந்து டப்பாவை அப்பா கூடத்தில் உட்கார்ந்து திறந்தார். மூடியின் வளையத்தை இழுத்ததும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. பின்னாலேயே புது ரப்பரும் பசையும் கலந்த அந்த வாசனை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர் டப்பாவை முகத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனார்.

“மேட்ச் ஆரம்பிச்சு ஏழு கேம் முடிஞ்சதும் புதுப் பந்து. அப்புறம் ஒம்போது கேமுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் கோர்ட்டு ஓரத்துல இந்த வாசனைதான் வரும்.”

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“நான் பால் பாயா இருந்தேன்ல, சென்னை ஓப்பன்ல.”

அவள் நம்பவில்லை. நடால் நுங்கம்பாக்கத்துக்கு வந்து ஆடியிருக்கிறார் என்று சொன்னதும் சுத்தமாக நம்பவில்லை. அந்தப் போட்டி கடைசியாக நடந்தபோது அவள் தொட்டில் குழந்தை. அவளுக்குத் தெரிந்த சென்னையில் சேப்பாக்கம் உண்டு, மஞ்சள் சட்டை உண்டு. ஆண்களுக்கான உலகச் சுற்றுப் போட்டி ஒன்று இருபத்தோரு ஆண்டுகள் இடைவிடாமல் இங்கே நடந்தது என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

உண்மையில் அது சென்னையில் பிறந்த போட்டியும் இல்லை. 1996-இல் டெல்லியில்தான் தொடங்கியது. அங்கே முதல் கோப்பையை வென்றவர் ஸ்வீடன்காரர் தாமஸ் என்க்விஸ்ட். அடுத்த ஆண்டே மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே வந்துவிட்டது. 1995 கடைசியில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக, வள்ளுவர் கோட்டத்துக்கு அருகே ஒரு டென்னிஸ் அரங்கத்தை மாநில அரசு கட்டி முடித்திருந்தது. பழைய நுங்கம்பாக்கம் ஏரி இருந்த பகுதி அது. அரங்கம் புத்தம்புதிதாக நின்றது. ஆட ஆள் வேண்டியிருந்தது.

முதல் வருடங்களில் போட்டி ஏப்ரலில் நடந்தது. சென்னையில் ஏப்ரல் என்றால் முழுப்பரீட்சை, வெயில். இரண்டுக்கும் நடுவில்தான் பையனாக இருந்த அவரைப் பள்ளியிலிருந்து பந்து பொறுக்க அழைத்துப் போனார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. “கணக்குப் பரீட்சையை வெச்சுக்கிட்டு எவனோ அடிக்கிற பந்தைப் பொறுக்கப் போறானாம்” என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. அப்பாதான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

பந்து பொறுக்குவது என்று அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள். அதில் ஏகப்பட்ட சட்டதிட்டம். பந்தைத் தூக்கிப் போடக்கூடாது, தரையோடு உருட்ட வேண்டும். ஒரு புள்ளி முடிவதற்குள் கண் இமைத்தாலும் உடம்பு அசையக்கூடாது. சர்வீஸ் போடுகிறவர் பக்கம் ஆறு பந்தும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கையை உயர்த்தி, உள்ளங்கையில் பந்து தெரியும்படி நின்று, அவர் தலையசைத்தால் மட்டும் ஒரே துள்ளலில் கொடுக்க வேண்டும். மத்தியான ஆட்டம் என்றால் கான்வாஸ் ஷூவின் அடிப்பகுதி வழியாகவே தரையின் சூடு ஏறும். வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் முதல் செட் முடிவதற்குள் தக்காளி நிறத்துக்கு வந்துவிடுவார்கள். ஐஸ் துண்டுகளைச் சுற்றிய துண்டைக் கழுத்தில் போட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் துண்டை வாங்கி மடிப்பதும் பையன்கள் வேலைதான்.

போட்டியின் பெயர் கோல்டு ஃபிளேக் ஓப்பன். இன்றைக்குச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். விளையாட்டுப் போட்டிக்குச் சிகரெட்டின் பெயர், அதற்குப் பந்து பொறுக்கப் பள்ளிக்கூடப் பையன்கள்! அப்போது அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. அவருடைய தாத்தா ஒருவர்தான் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “பேரப்பிள்ளை இந்த வயசுலயே சிகரெட் கம்பெனி சீட்டைப் புஸ்தகத்துக்குள்ள வெச்சிருக்கான், பேஷ்” என்றார். கிரிக்கெட்டில் வில்ஸ், டென்னிஸில் கோல்டு ஃபிளேக் என்று ஓடிக்கொண்டிருந்த காலம். 2001-இல் ஐ.டி.சி. நிறுவனம் விளையாட்டு விளம்பரங்களிலிருந்து விலகிக்கொண்டது. 2003-இல் புகையிலை விளம்பரத்துக்குத் தடையாக மத்திய அரசின் சட்டமும் வந்து சேர்ந்தது.

முதல் ஆண்டு ஒற்றையர் கோப்பையை ஸ்வீடனின் மிக்கேல் டில்ஸ்ட்ராம் கொண்டுபோனார். ஆனால் 1997 என்றால் சென்னைக்காரர்களுக்கு நினைவில் நிற்பது இரட்டையர்தான். லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் ஜோடியாக வென்ற முதல் உலகச் சுற்றுப் பட்டம் இங்கேதான் கிடைத்தது. பயஸ் இந்த ஊருக்கு வேற்றாள் இல்லை. அமிர்தராஜ் சகோதரர்களின் பயிற்சிக் கூடத்துக்காகச் சிறுவயதில் கல்கத்தாவிலிருந்து வந்து, இங்கேயே தங்கிப் படித்து, இங்கேயே ஆடக் கற்றவர். 1998, 1999, 2002, 2011 என்று அந்த ஜோடி மேலும் நான்கு முறை இங்கே கோப்பையைத் தூக்கியது. நடுவில் இருவரும் பேசாமல் இருந்த வருடங்களும் வந்துபோயின. அந்த வருடங்களில்கூட அரங்கத்தில் யாராவது ஒருவர் “லியாண்டர், மகேஷைக் கூப்பிடு” என்று கத்தாமல் இருந்ததில்லை.

அடுத்த ஏப்ரலில் பேட்ரிக் ராஃப்டர் வந்தார். அமெரிக்க ஓப்பனை வென்று ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளைக் களிம்பு. பையன் அவருடைய ஓர் ஆட்டத்தில் பின்கோட்டில் நின்றான். சர்வீஸ் போடப் பந்தை மேலே எறிவார். எறிந்தது சரியில்லை என்றால் அடிக்காமல் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்பவரைப் பார்த்து “ஸாரி, மேட்” என்பார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். முதலில் தன்னிடம்தான் மன்னிப்புக் கேட்கிறாராக்கும் என்று நினைத்து, பையன் தலையை ஆட்டிவைத்தான். உலகத்தின் முதல் ஐந்து பேருக்குள் இருந்த மனிதர், கை தவறிய பந்துக்குக்கூட எதிராளியிடம் மன்னிப்புக் கேட்டதை அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது, அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, “அப்போ நீயும் தங்கச்சிகிட்டக் கேட்டுப் பழகு” என்றார். அந்த ஆண்டுக் கோப்பை ராஃப்டருக்கு. இறுதி ஆட்டத்தில் தோற்றவர் முந்தைய சாம்பியன் டில்ஸ்ட்ராம்.

2000-லிருந்து போட்டி ஜனவரிக்கு நகர்ந்தது. சென்னை ஓப்பன் என்று இன்று நினைவுகூர்கிறவர்கள் எல்லோரும் நினைப்பது இந்த ஜனவரியைத்தான். ஏப்ரல் புழுக்கத்தில் நடந்தது பலருக்கு மறந்தே போயிற்று. மார்கழிக் கச்சேரிகள் முடியும் தறுவாய், புத்தகக் கண்காட்சி, பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம். சபா கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு நேரே நுங்கம்பாக்கம் வந்த மாமாக்கள் உண்டு. ஐந்து மணிக்கு மேல் விளக்கு போடுவார்கள். எட்டு மணிக்குப் பனி இறங்கும். மேல் வரிசைப் பெரியவர்கள் கைப்பையிலிருந்து மஃப்ளரை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். கீழே நெதர்லாந்துக்காரர் வியர்வையைப் பிழிந்துகொண்டிருப்பார்.

ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு முன் கைகால் உதற ஆட்டக்காரர்களுக்கு ஓரிடம் தேவை. அந்தத் தேவைதான் சென்னைக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அதுவே அதன் பலவீனமும். அதே வாரத்தில் தோஹாவில் எண்ணெய்ப் பணம் கொட்டியது. ஆஸ்திரேலியாவிலும் போட்டி நடந்தது. ஃபெடரர் சுனாமி நிவாரணத்தைப் பார்க்க யுனிசெஃப் தூதராகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். மட்டையோடு நுங்கம்பாக்கத்துக்கு வந்ததில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: இனிமேல் பெரிய ஆளாகப் போகிறவர்கள், ஏற்கெனவே பெரிய ஆளாக இருந்து இறங்கிக்கொண்டிருப்பவர்கள். இரண்டு வகையுமே பார்க்கச் சுவையானது என்பது அந்தப் பழைய பால் பாயின் கட்சி. உச்சத்தில் இருப்பவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாமே.

சென்னை மனம்விட்டுக் காதலித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், நடால் என்று சொல்கிறவர்கள் பிறகு வந்தவர்கள். முன்னாலிருந்தே வந்தவர்கள் பாரடோர்ன் ஸ்ரீசாபன் என்பார்கள். தாய்லாந்துக்காரர். 2002 முதல் 2005 வரை வரிசையாக நான்கு இறுதி ஆட்டங்கள். அதில் 2003-இல் மட்டும் கோப்பை. ஆட்டம் முடிந்ததும் நடுவில் வந்து நின்று, நான்கு பக்கமும் திரும்பி, கை கூப்பிக் குனிந்து வணக்கம் சொல்வார். அதைப் பார்த்த கூட்டம் ‘நம்ம பையன்’ என்று முடிவுகட்டிவிட்டது. 2004, 2005 இரண்டு முறையும் அவரை இறுதியில் மூன்றாவது செட் டை-பிரேக்கில் வைத்துத் தோற்கடித்தவர் ஸ்பெயினின் கார்லோஸ் மோயா. இரண்டாவது முறை தோற்கடித்தபோது சுனாமி அடித்துச் சரியாக இரண்டு வாரம். மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் இழவு வீடுகள். போட்டி நடக்கலாமா என்றே பேச்சு இருந்தது. மோயா தன் பரிசுப் பணம் முழுவதையும் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். அதன்பிறகு பாரடோர்னைத் தோற்கடித்த குற்றத்தை ஊர் மன்னித்துவிட்டது.

நடால் முதலில் வந்தபோது பதினேழு வயது. 2004-இல் டாமி ரொப்ரெடோவோடு சேர்ந்து இரட்டையர் கோப்பையை வென்றுவிட்டுப் போனார். அந்த வருடம் அவரிடம் கையெழுத்து வாங்காமல் தாண்டிப் போனவர்கள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டார்கள். 2007-இல் வந்தபோது பிரெஞ்சு ஓப்பன் சாம்பியன். அரையிறுதியில் பெல்ஜியத்தின் சேவியர் மாலிஸ் அவரை வெளியேற்றிவிட்டார். 2008-இல் மறுபடி வந்தார். அந்த ஆண்டின் அரையிறுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் பழைய பால் பாய் நிறுத்த மாட்டார்.

நடாலும் மோயாவும் ஒரே தீவுக்காரர்கள், மயோர்க்கா. சிறுவனாக இருந்தபோது நடாலுக்கு அண்ணன் மாதிரி இருந்தவர் மோயா. பின்னாளில் அவருக்கே பயிற்சியாளரானார். இருவரும் அன்று இரவு ஏறத்தாழ நான்கு மணி நேரம் மோதினார்கள். மூன்று செட்டும் டை-பிரேக். இரண்டாவது செட்டில் மோயா வெற்றிப் புள்ளியைத் தொட்டுத் தொட்டுத் தவறவிட்டார். மின்சார ரயிலைப் பிடிக்க எழுந்தவர்கள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்கள். அவர் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்; பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், “ரெண்டும் நல்ல புள்ளைங்க, யாராவது ஒருத்தர் விட்டுக்குடுத்தா என்ன” என்று முனகியது அவருக்கு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் விட்டுக்கொடுத்தது மோயாவின் கால்கள்.

மறுநாள் இறுதி ஆட்டம். அதிக விலை கொடுத்து டிக்கெட் வாங்கிய கூட்டம் நடாலைப் பார்க்க நிரம்பி வழிந்தது. எதிரே ரஷ்யாவின் மிக்கைல் யூஷ்னி. நடாலுக்கு நடக்கவே தெம்பில்லை. 6-0, 6-1. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கோடம்பாக்கம் பாலத்தில் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்த அவருடைய நண்பர், இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முதல் செட் முடிந்துவிட்டது. “மாட்டினியா” என்று இன்றைக்கும் அவரைக் கிண்டல் செய்கிறார்கள்.

அடுத்த ஆண்டு, 2009. இந்த ஒரு வாரத்துக்காகவே இருபத்தோரு ஆண்டுகளும் நடந்தன என்றுகூடச் சொல்லலாம். சோம்தேவ் தேவ்வர்மன், சென்னையில் பள்ளிப் படிப்பு, அமெரிக்காவில் கல்லூரி, தரவரிசையில் இருநூறுக்கு வெளியே. வைல்டு கார்டு கொடுத்துச் சேர்த்திருந்தார்கள். இந்தியர்களுக்கு வைல்டு கார்டு கொடுப்பதும், அவர்கள் செவ்வாய்க்கிழமைக்குள் கைகுலுக்கிவிட்டுப் போவதும் ஊருக்குப் பழகிப்போன சடங்கு. சோம்தேவ் போகவில்லை. இரண்டு முறை சாம்பியனான மோயாவை வீழ்த்தினார். காலிறுதியில் ஏழடிக்குக் கொஞ்சமே குறைந்த இவோ கார்லோவிச்சின் சர்வீஸை எப்படியோ திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்து வென்றார். அரையிறுதியில் எதிராளி ஷுட்லர் காயத்தால் விலகிக்கொண்டார். 1998-இல் நியூபோர்ட்டில் பயஸ் ஆடியதற்குப் பிறகு உலகச் சுற்று ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் இந்தியர்.

அலுவலகத்தில் விடுப்பு கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இறுதியில் மரின் சிலிச் 6-4, 7-6 என்று வென்றார். தோற்ற பிறகும் கூட்டம் கலையவில்லை. சென்னையில் எழுந்து நின்று கைதட்டுவது என்றால் 1999 சேப்பாக்கத்தில் ஜெயித்த பாகிஸ்தானுக்குச் செய்ததுதான் பிரபலம். அதற்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை என்பது அவர் தீர்ப்பு. இருபத்தோரு ஆண்டுகளில் ஓர் இந்தியர் ஒற்றையர் கோப்பைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு வந்தவை வாவ்ரிங்காவின் வருடங்கள். 2011, 2014, 2015, 2016, நான்கு கோப்பைகள். 2014-இல் இங்கே வென்று மூன்றே வாரத்தில் மெல்போர்னில் நடாலை வென்று ஆஸ்திரேலிய சாம்பியனானார். பக்கத்துக் கோர்ட்டில் அவர் பயிற்சி செய்வதைக் கம்பிவலையில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்க்க முடிந்தது. ஒற்றைக்கை பேக்ஹேண்ட் அடிக்கும்போது எழும் சத்தம் தொலைக்காட்சியில் கேட்பதில்லை. அது காதில் அறைகிற சத்தம். இடையில் 2012-இல் கனடாவின் மிலோஸ் ராவனிச், போட்டி முழுக்க ஒரு சர்வீஸ் ஆட்டத்தைக்கூட இழக்காமல் கோப்பையோடு போனார். பார்க்க அவ்வளவு சுவாரசியமில்லை. கணக்குப் பாடம் பார்த்த மாதிரி இருந்தது.

இந்த வருடங்களில் அரங்கமும் மாறிக்கொண்டிருந்தது. முதலில் வந்த கூட்டம் டென்னிஸ் ஆடிய கூட்டம், அல்லது ராமநாதன் கிருஷ்ணன் காலத்திலிருந்து செய்தித்தாளில் ஸ்கோர் படித்த கூட்டம். டபுள் ஃபால்ட்டுக்குக் கைதட்டினால் பக்கத்துப் பெரியவர் முறைப்பார். பிறகு கைப்பேசி வந்தது. புள்ளி முடிவதற்குள் எழுந்து நின்று படம் எடுப்பவர்களும், சர்வீஸ் போடும் நேரத்தில் “ஹலோ, ஸ்டேடியத்துல இருக்கேன்” என்பவர்களும் பெருகினார்கள். நடுவர் கெஞ்சுவார். ஆனாலும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கிரிக்கெட்டுக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகள்கூட இங்கே அனுப்பின.

போட்டியின் பெயரும் மாறிக்கொண்டே போனது. கோல்டு ஃபிளேக் ஓப்பன், டாடா ஓப்பன், வெறும் சென்னை ஓப்பன், கடைசியில் ஏர்செல் சென்னை ஓப்பன். பெயரில் வெறும் சென்னை மட்டும் இருந்த வருடங்களில் மாநில அரசின் பணமும் கைகொடுத்தது. ஊர்க்காரர்கள் இந்தப் பெயர்களில் எதையும் சொல்லவில்லை. “டென்னிஸ் வந்துருச்சு” என்பார்கள், அவ்வளவுதான்.

2017-இன் போட்டி வர்தா புயல் மரங்களைச் சாய்த்துப் போட்ட மூன்று வாரத்தில் தொடங்கியது. செல்லாத நோட்டுக் குழப்பம் வேறு முழுசாகத் தீரவில்லை. ஒற்றையரில் ஸ்பெயினின் பவுடிஸ்டா அகுட் வென்றார். எதிரே நின்ற ஒல்லிப்பிச்சான் ரஷ்யப் பையனை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தரவரிசையில் நூறுக்குப் பக்கத்தில் இருந்தான், உலகச் சுற்றில் அவனுக்கு அதுதான் முதல் இறுதி ஆட்டம். பெயர் டேனியல் மெட்வடேவ். இரட்டையர் இறுதியில் நான்கு பேரும் இந்தியர்கள். ரோஹன் போபண்ணாவோடு சேர்ந்து கோப்பையை வென்றவர் சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியன். அதுதான் கடைசி என்று அன்று இரவு யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே கலைந்தார்கள்.

அந்த ஜூலையில் செய்தி வந்தது: போட்டி புனேவுக்குப் போகிறது. அவர் அலுவலகத்தில் செய்தியைப் படித்துவிட்டு, முதலில் யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தார். அப்போதுதான் பலருக்குப் புரிந்தது, சென்னை ஓப்பன் சென்னையின் சொத்தே இல்லை என்பது. உலகச் சுற்றின் நாட்காட்டியில் ஒரு வாரம். அந்த வாரத்துக்கு ஓர் உரிமம். உரிமம் வைத்திருந்தது ஒரு சர்வதேச விளையாட்டு நிர்வாக நிறுவனம். அரங்கம் நம்முடையது, கூட்டம் நம்முடையது, பந்து பொறுக்கிய பிள்ளைகள் நம்முடையவர்கள். வாரம் மட்டும் வாடகைக்கு வந்தது. டெல்லியிலிருந்து வந்தது போலவே புனேவுக்குப் போயிற்று. பெயரைத் தாங்கிய ஏர்செல் நிறுவனமும் அடுத்த பிப்ரவரியில் திவால் மனு போட்டது.

அதே 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடிய ஊர் இது. டென்னிஸுக்காக அப்படி யாரும் திரள்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒரு முணுமுணுப்பாவது கேட்டிருக்கலாம் என்பது அவருடைய வருத்தம். ஆசிரியர் கடிதப் பகுதியில் சில நாள் புலம்பல், அதோடு சரி. புனேவிலும் அது நிலைக்கவில்லை. பாலேவாடி அரங்கத்தில் 2018-இல் தொடங்கி, நடுவில் கொரோனாவில் ஓர் ஆண்டு நின்று, 2023-இல் கடைசி ஆட்டம். 2024-இன் முதல் வாரத்தில் ஆட்டக்காரர்கள் ஹாங்காங்குக்குப் போனார்கள். இந்தியாவில் இன்று ஆண்களுக்கான உலகச் சுற்றுப் போட்டி ஒன்றுகூட இல்லை.

நுங்கம்பாக்கம் அரங்கம் பூட்டிக் கிடக்கவில்லை. 2022 செப்டம்பரில் பெண்களுக்கான உலகச் சுற்றுப் போட்டி சென்னை ஓப்பன் என்ற அதே பெயரில் நடந்தது. செக் நாட்டின் பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்டோவா வென்றார். 2025-இல் மீண்டும் நடந்தபோது இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென். ஆண்களுக்கு ஒரு படி கீழே உள்ள சேலஞ்சர் போட்டிகளும் நடக்கின்றன. 2024-இல் சுமித் நாகல் ஒன்றை வென்றார். அந்த ஆட்டங்களுக்கு மகளை அழைத்துப் போவதென்று அவர் முடிவு செய்திருக்கிறார். நீங்களும் போங்கள். இறுதி ஆட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். திங்கள்கிழமை மத்தியானம் பக்கத்துக் கோர்ட்டில் பெயர் தெரியாத இரண்டு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். மெட்வடேவையும் அந்த வாரத் திங்களன்று யாருக்கும் தெரியாது.